பழைய பிக்கப் வண்டியின் புரொப்பல்லர் ஷாப்ட்: வணிகர் அறிய வேண்டியவை



நம்மில் பலர் கடைக்கென்று சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கியவர் சிலரே. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிக் கைமாறி வந்த டாடா 207, 407, மகிந்திரா பிக்கப், டாடா ஏஸ் போன்றவையே அதிகம். எஞ்சினுக்கு ஆயில் பார்க்கிறோம். டயரைப் பார்க்கிறோம். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகின்ற ஒரு பாகத்தை, அது சத்தம் போடும் வரை நாம் நினைப்பதே இல்லை. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்து ஹவுசிங் வரை செல்லும் புரொப்பல்லர் ஷாப்டைத்தான் சொல்லுகிறோம்.

ஷாப்டைக் கழற்றி மாட்டும் வேலையை நாம் செய்யப் போவதில்லை. அதற்கு மெக்கானிக் இருக்கிறார். ஆனால் பணம் கொடுப்பவர் நாம்; வண்டி நின்றால் நஷ்டப்படுபவரும் நாம். மிளகு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்காமல் விலை பேசுவோமா? வண்டி வேலையிலும் அந்த அளவு விவரமாவது நமக்கு வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

ஷாப்ட் செய்யும் வேலை

எஞ்சின் முன்னால் இருக்கிறது. இழுக்கும் சக்கரம் பின்னால் இருக்கிறது. இடையில் சக்தியைக் கொண்டு செல்வது இந்த இரும்புக் குழாய். உள்ளே வெற்றிடமாக உள்ள குழாய்தான்; எடை குறைவு, முறுக்கைத் தாங்கும் பலம் அதிகம்.

கியர் பாக்ஸ் சேஸிஸோடு பிணைந்து அசையாமல் இருக்கும். பின் ஹவுசிங்கோ ஸ்பிரிங் பட்டையின் மேல் ஏறி இறங்கும். ஆகவே ஷாப்ட் இரண்டு காரியங்களைச் சமாளிக்க வேண்டும். ஒன்று, சாய்வு மாறுவது. இதற்காக முனைகளில் கூட்டல் குறி போன்ற கிராஸ் வைத்த யூ ஜாயின்ட் உண்டு. கிராஸின் நான்கு முனைகளிலும் நான்கு கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இரண்டாவது, நீளம் மாறுவது. இதற்காகப் பல்வெட்டு உள்ள இரு துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிக்கொள்ளும். இதை ஸ்லீவ் என்பார்கள்.

இந்த ஷாப்ட் எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று. ஹவுசிங்கின் பல் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் ஷாப்ட் நிமிடத்துக்கு 2,000 சுற்று. இவ்வளவு வேகத்தில் சுற்றும் பொருளில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் வண்டி முழுவதும் அதிரும்.

ஒரு துண்டா, இரண்டு துண்டா?

குட்டையான வண்டியில் ஷாப்ட் ஒரே துண்டாக இருக்கும். நீளமான வண்டியில் இரண்டு துண்டாக, நடுவில் ரப்பரோடு கூடிய சென்டர் பேரிங்கில் தொங்கும். காரணம் இதுதான்: நீண்ட மூங்கில் கழியைச் சுழற்றினால் நடுப்பகுதி வளைந்து ஆடுவதுபோல், நீண்ட குழாயும் ஒரு வேகத்துக்கு மேல் நடுவில் வில்லாக ஆடத் தொடங்கும். அதே கனமுள்ள குழாயின் நீளம் இரு மடங்கானால், அது தாங்கும் வேகம் பாதியாகக் குறையாது, நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

எனவே "சென்டர் பேரிங் தொல்லை வேண்டாம், ஒரே குழாயாகப் போட்டுவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். கம்பெனி எத்தனை துண்டாகக் கொடுத்ததோ அத்தனை துண்டாகவே இருக்கட்டும். அடிச்சட்டத்தை நீட்டி நீளமான பாடி கட்டியவர்கள், ஷாப்டின் நீளத்தையும் கனத்தையும் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

டிரைவர் சொல்லும் புகாரை "எல்லா வண்டியிலும் இருப்பதுதான்" என்று தள்ளிவிடக் கூடாது. எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

1. கிளட்சை விட்டுக் கிளம்பும்போதும், ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதும் "டங்" என்று ஓர் அடி விழுந்தால்: கிராஸ் தேய்ந்திருக்கலாம், ஸ்லீவ் பல் தேய்ந்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம்.

2. மெதுவாகப் போகும்போது அடியிலிருந்து குருவி கத்துவது போல் "கீச் கீச்" என்றால்: கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி தெரிந்தால் ஊசிகள் உள்ளே அரைபடுகின்றன என்று பொருள். இனிக் கிரீஸ் அடித்துப் பயனில்லை.

3. லோடோடு கிளம்பும்போது மட்டும் வண்டி குலுங்கி, வேகம் பிடித்ததும் நின்றால்: சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கலாம், அல்லது ஷாப்டின் சாய்வு மாறியிருக்கலாம்.

4. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால்: ஷாப்டில் பாலன்ஸ் இல்லை. அந்த வேகத்தில் கிளட்சை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்றால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் ஷாப்ட் அல்லது சக்கரம். ஸ்டியரிங் கையில் ஆடினால் முதலில் முன்சக்கரத்தைப் பாருங்கள்.

5. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது "ஊ" என்று ஒரே சீராக ஊளையிட்டால்: அது பெரும்பாலும் ஹவுசிங்கின் கிரௌன் பல். அதற்கு ஷாப்டை மாற்றிப் பயனில்லை.

வியாபாரிகளாகிய நம் வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. சாக்குச் சணல், பிளாஸ்டிக் நூல், தார்ப்பாய்க் கயிறு ஆகியவை தொங்கி ஷாப்டில் சுற்றிக்கொள்ளும். மண்டியின் சேறு ஒருபக்கமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே பாலன்ஸைக் கெடுக்கும். சுற்றிய நூல் ஆயில் சீலையும் அறுத்துவிடும். ஆகவே அதிர்வு என்றதும் முதல் வேலை, அடியில் பார்த்துச் சுத்தம் செய்வதுதான். பல நேரங்களில் செலவு அத்தோடு முடிந்துவிடும்.

நாமே செய்யக்கூடிய சோதனை

சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கட்டை கொடுக்காமல் அடியில் போகவே கூடாது. கியரை நியூட்ரலில் வைத்த பிறகு, ஜாயின்டின் இரு பக்கமும் இரு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். கிராஸுக்கும் யோக்குக்கும் இடையில் சிறிதளவும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஷாப்ட் முழுவதுமாகச் சற்றுத் திரும்பி நின்றால் அது கிரௌன் பல்லின் இயல்பான இடைவெளி. அதைக் கிராஸ் ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு ஒரு கம்பியால் சென்டர் பேரிங்கை மெதுவாக மேலே நெம்புங்கள். ரப்பர் பிளந்து தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கிராஸ் மட்டுமா, முழு ஷாப்டா, பழையதா?

ஆட்டம் கிராஸில் மட்டும் என்றால் கிராஸ் மாற்றினால் போதும். ஆனால் ஒரு முனை போயிருந்தால் மறுமுனையும் அதே வயதுதான். அதையும் கையோடு மாற்றுவது நல்லது. கழற்றி மாட்டும் கூலி ஒன்றே.

கிராஸ் வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கும். பழைய கிராஸைக் கையோடு கொண்டு போய், கிண்ணத்தின் விட்டம், எதிரெதிர்க் கிண்ணங்களுக்கு இடைப்பட்ட மொத்த நீளம் இரண்டையும் வெர்னியரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கிளிப் உட்பக்கம் மாட்டுவதா, வெளிப்பக்கம் மாட்டுவதா என்பதையும் பாருங்கள்.

கிரீஸ் நிப்பிள் வைத்தது, சீல் செய்தது என இரு வகை உண்டு. மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு நிப்பிள் வைத்தது நல்லது; ஆனால் தவறாமல் கிரீஸ் அடிக்க ஆள் இருக்க வேண்டும். அடிக்க ஆளில்லை என்றால் நல்ல கம்பெனியின் சீல் வகையே மேல்.

யோக்கின் துளை தேய்ந்து புதுக் கிண்ணம் லொடலொடவென்று உட்கார்ந்தாலோ, ஸ்லீவ் பல் கத்திபோல் கூராகியிருந்தாலோ கிராஸ் மாற்றுவதில் அர்த்தமில்லை. அந்த யோக்கையோ ஸ்லீவையோ மாற்ற வேண்டும். துளையில் பொட்டு வைத்து இறுக்குவது, தகடு சுற்றித் திணிப்பது இரண்டுமே நிற்காது. குழாய் நசுங்கியோ வளைந்தோ இருந்தால் சூடு காட்டி நிமிர்த்துவதும் கூடாது. லேத் பட்டறையில் புதுக் குழாய் மாற்றி, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்து, பாலன்ஸ் மெஷினில் ஏற்றித் தர வேண்டும். பாலன்ஸ் செய்யும் வசதி இல்லாத பட்டறையில் குழாய் மாற்ற வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பழைய ஷாப்ட் கிடைக்கும். விலை குறைவு என்பது உண்மை. வாங்குவதானால் நான்கு விஷயங்களைப் பார்க்கவும்: நீளமும் பிளாஞ்சின் போல்ட் துளைகளும் நம்முடையதோடு ஒத்துப்போக வேண்டும், குழாயில் பள்ளமோ புது வெல்டிங்கோ இருக்கக் கூடாது, பாலன்ஸுக்காக ஒட்டிய சிறு இரும்புத் துண்டுகள் உதிர்ந்திருக்கக் கூடாது, ஸ்லீவ் ஆட்டமின்றிச் சறுக்க வேண்டும். நன்றாக இருந்தாலும் கிராஸ்களைப் புதிதாக்கி, ஒருமுறை பாலன்ஸ் பார்த்தே மாட்ட வேண்டும். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அது உண்மையில் மலிவுதானா என்று முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

இனி வருவது மிக முக்கியமான விஷயம். ஜாயின்ட் சாய்ந்த நிலையில் சுற்றும்போது, முன்பக்கம் சீராகச் சுற்றினாலும் பின்பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட் அதற்கு எதிராகக் கூடிக் குறைந்து இதைச் சரிக்கட்டுகிறது. இருவர் ஒரு மூட்டையைத் தூக்கிச் செல்லும்போது கால் அடி ஒத்துப் போனால் மூட்டை ஆடாது. அடி தவறினால் ஆடும். அதுபோல ஷாப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். ஸ்லீவைக் கழற்றி ஒரு பல் மாற்றி மாட்டினால்கூட அடி தவறிவிடும்.

ஆகையால் கழற்றுவதற்கு முன்பே ஸ்லீவிலும் பிளாஞ்சுகளிலும் பெயின்டாலோ சென்டர் பஞ்சாலோ குறி வைக்கச் சொல்லுங்கள். சில ஷாப்டுகளில் கம்பெனியே அம்புக்குறி போட்டிருக்கும். வண்டியைப் பட்டறையில் விடும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தால், "வேலை பார்த்த பிறகுதான் அதிர்வு வந்தது" என்ற வழக்கு வராது.

மேலும் நான்கு குறிப்புகள்:

கிண்ணத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்து ஏற்றினால் உள்ளே ஓர் ஊசி சாய்ந்து விழும். பிறகு கிண்ணம் முழுதாக இறங்காது, சர்க்கிளிப்பும் காடியில் உட்காராது. பிரஸ்ஸில் அழுத்துவதே முறை.

மாட்டிய பிறகு ஜாயின்ட் எல்லாப் பக்கமும் கையால் இலேசாகத் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருப்பது "புதுசு, ஓட ஓடச் சரியாகும்" என்பது தவறு. இறுகிய கிராஸ் சீக்கிரம் சூடேறிப் போய்விடும்.

நிப்பிள் உள்ள கிராஸில் நான்கு கிண்ணங்களின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

பிளாஞ்சில் கண்ட போல்டைப் போட அனுமதிக்கக் கூடாது. போல்டின் தலையில் 8.8, 10.9 என்று பலத்தின் எண் இருக்கும். பழையதில் என்ன எண் இருந்ததோ அதற்குக் குறையாத போல்டும் லாக் நட்டும் போட்டு, ஓரிரு நாள் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

கிராஸ் ஏன் போனது என்று கேளுங்கள்

நமக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவரின் பழைய பிக்கப்பில் ஓராண்டுக்குள் மூன்று முறை கிராஸ் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் "பொருள் சரியில்லை" என்று கம்பெனியை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் அடியில் பார்த்தார். முன்பு சென்டர் பேரிங் மாற்றியபோது, அதன் பிராக்கெட்டுக்கு மேல் இருந்த தகடுகளைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தார்கள். பேரிங் உயர்ந்து நின்றது, சாய்வு மாறியது. போதாததற்கு லோடு அதிகம் ஏற்றுவதற்காகப் பின்னால் ஒரு பட்டை கூட்டியிருந்தார்கள். தகடுகளைப் போட்டு, கூட்டிய பட்டையை எடுத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இரு முனைச் சாய்வும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். அதிகமாகவும் இருக்கக் கூடாது. அதற்காகச் சாய்வே இல்லாமல் நேராக இருப்பதும் நல்லதல்ல. சிறிதாவது சாய்வு இருந்தால்தான் ஊசிகள் உருளும். நேராக இருந்தால் ஊசிகள் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துவிடும். பட்டை வேலை, சென்டர் பேரிங் வேலை, எஞ்சின் பெட் மாற்றும் வேலை எது செய்தாலும் இந்தச் சாய்வு மாறலாம் என்பதை நினைவில் வைக்கவும்.

அடுத்த காரணம் அதிக பாரம். குருவி தலையில் பனங்காயை வைத்தால் குருவி என்ன செய்யும்? முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு பல மடங்காகப் பெருகி ஷாப்டுக்கு வருகிறது. அளவுக்கு மீறிய லோடோடு கிளட்சைப் பட்டென்று விட்டாலோ, சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் உதைத்து எடுத்தாலோ, அந்த அடி முழுவதையும் வாங்குவது கிராஸ்தான். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பக்கமும் இழப்பானேன்?

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

ஓடும்போது ஷாப்டின் முன்முனை கழன்று தரையில் விழுந்தால், அது சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக் கூடும். எனவே ஷாப்டின் கீழே கம்பெனி கொடுத்த பாதுகாப்பு வளையம் இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டாம்.

ஏற்றத்தில் ஷாப்ட் முறிந்தால் இழுவை போவதோடு நிற்காது. கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. பழைய ஜீப் வகைச் சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் கியர் பாக்ஸின் பின்பக்கம், ஷாப்டின் மேல் பிடிப்பதாக இருக்கும். ஷாப்ட் போனால் அந்த ஹேண்ட் பிரேக்கும் போயிற்று. மீதி இருப்பது கால் பிரேக் ஒன்றே. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைப் பாதையில் மிளகும் வாழையும் ஏற்றிவரும் நம் அன்பர்கள் இதை டிரைவரிடமும் லோடுமேனிடமும் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும். வண்டியில் எப்போதும் இரண்டு கட்டை இருக்கட்டும். முறிந்தால் டிரைவர் கால் பிரேக்கை விடாமல் மிதித்திருக்க, கூட இருப்பவர் பக்கவாட்டில் நின்று சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சரிவில் வைத்து மெக்கானிக் ஷாப்டைக் கழற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. போல்டை எடுத்தவுடன் வண்டி உருளும்.

பில்லும் பதிவும்

உதிரிபாகத்துக்கும் லேத் வேலைக்கும் நம் ஜி.எஸ்.டி. எண் குறித்த பில் வாங்குங்கள். வரி கட்டும் சாதாரண முறையில் உள்ளவர்கள், தொழிலுக்கு ஓடும் சரக்கு வண்டியின் பழுதுச் செலவில் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கும், வரிவிலக்குள்ள பொருள் மட்டும் விற்பவருக்கும் இது கிடையாது. இரண்டும் கலந்து விற்பவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

கடைக் கணக்கு எழுதும் நமக்கு வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுவது கடினமல்ல. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தக் கிராஸ் மாற்றினோம், எப்போது கிரீஸ் அடித்தோம் என்று நான்கு வரி போதும். மூன்றாவது முறை அதே பாகத்தின் பெயர் வந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பதை நோட்டே சொல்லிவிடும்.

சுருக்கமாக

வண்டிப் புத்தகத்தில் சொன்ன கணக்குப்படி கிரீஸ் அடிக்கவும். புத்தகம் இல்லாதவர்கள் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிக்கவும். வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டிக்கு உடனே அடிக்கவும்.

மாதம் ஒருமுறை அடியில் பார்த்து நூல், கயிறு, சேறு நீக்கவும். கையால் முறுக்கி ஆட்டம் பார்க்கவும்.

கழற்றுமுன் குறி, மாட்டியபின் இலேசான சுழற்சி, சரியான போல்ட் ஆகிய மூன்றையும் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பட்டறையில் விடும் நாளிலேயே ஷாப்டையும் இறக்கிப் பார்த்துவிட்டால், வியாபாரம் சூடாக இருக்கும் தீபாவளி, பொங்கல் நாட்களில் வண்டி நடுவழியில் நிற்காது. அன்பர்கள் இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவரையும் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.